ஒரே மனையை இரண்டு முறை வாங்கியவர்
(நிலம், வீடு வாங்கப் புறப்படுவோருக்காகக் கொஞ்சம் வரலாறு)



சென்ற பொதுக்குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, பி பிளாக்கில் இருக்கும் ஒரு தம்பி என்னிடம் கைப்பேசியை நீட்டினார். ஊருக்கு வெளியே ஒரு மனையின் படம். "அங்கிள், பட்டா இருக்கு, இ.சி. கிளீனா இருக்கு, லே-அவுட் அப்ரூவ்டு. எல்லாப் பேப்பரும் இருக்கு. அட்வான்ஸ் போட்டுடலாமா?" என்று கேட்டார்.

வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் நான். ஆனாலும் "எல்லாப் பேப்பரும் இருக்கு" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும். அதற்குக் காரணம் வங்கி வேலை அல்ல, என் அப்பா.

1987-இல் அப்பா தாம்பரத்துக்கு அப்பால் ஒரு கிரவுண்டு மனை வாங்கினார். பட்டா விற்றவர் பெயரில் இருந்தது. வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் முறையாகப் பதிவு நடந்தது. ஆறு ஆண்டு கழித்து வீடு கட்டக் கடைக்கால் தோண்டியபோது, விற்றவரின் இரண்டு தங்கைகள் வந்து நின்றார்கள். நிலம் அவர்களுடைய அப்பா சொந்தமாகச் சம்பாதித்தது. அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மாவும் இல்லை. மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு. அண்ணன் மட்டும் கையெழுத்துப் போட்டு முழு மனையையும் விற்றிருந்தார். வழக்கு ஒன்பது ஆண்டு நடந்தது. கடைசியில் அப்பா, மூன்றில் இரண்டு பங்குக்கு அன்றைய விலையைக் கொடுத்துச் சமாதானமாகப் போனார். அதற்கு அம்மாவின் நகைகள் போயின. "ஒரே மனையை ரெண்டு தடவை வாங்கினவன் நான்தான்" என்று அப்பா பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார். அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். எந்தப் பேப்பரும் பொய் சொல்லவில்லை. பட்டா உண்மை, இ.சி. உண்மை, பத்திரமும் உண்மை. ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொன்னது. அப்பாவோ எல்லாவற்றையும் சேர்த்து, அவை சொல்லாத ஒரு பதிலைப் படித்துவிட்டார்.

முதன்முதலாக முதலீட்டுக்காக இடம் வாங்குபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். எந்தக் காகிதம் எந்தக் கேள்விக்காகப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். அதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

பட்டா: வரி யாரிடம் வாங்குவது?

1792-இல் பாராமகால் பகுதி, அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம், கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவரிடம் உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் அங்கே நிலவரி வசூலிக்க ஒரு முறையை உருவாக்கினார்கள். நடுவில் ஜமீன்தார் இல்லாமல், ஒவ்வொரு விவசாயியிடமும் அரசு நேராக வரி வாங்கும் முறை. அதுதான் ரயத்துவாரி. மன்றோ 1820-இல் சென்னை மாகாண ஆளுநரான பிறகு அது மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவியது.

இந்த நிலத்துக்கு இந்த ஆள் இவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்த சீட்டுத்தான் பட்டா. ஆக, பட்டா பிறந்ததே "வரி யாரிடம் வாங்குவது?" என்ற கேள்விக்காக. "இந்த நிலம் யாருக்குச் சொந்தம்?" என்ற கேள்வி அப்போது கம்பெனியின் கவலையில் முதல் இடத்தில் இல்லை.

இருநூறு ஆண்டுக்குப் பிறகும் நிலைமை அடிப்படையில் மாறவில்லை. வருவாய்த் துறைப் பதிவு மட்டுமே உரிமையைத் தந்துவிடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அரசே ஒப்படைப்பு செய்து கொடுத்த பட்டா வேறு கதை. ஆனால் வாங்கி விற்ற நிலத்தில் பட்டா ஒரு துணைச் சாட்சிதான். தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவுகளை மேம்படுத்தும் யூ.டி.ஆர். திட்டம் நடந்தது. அந்த வேலையில் பெயர் மாறி ஏறியது, பரப்பு குறைந்தது, பக்கத்துப் புலத்தில் சேர்ந்தது என்று நேர்ந்த பிழைகளைத் திருத்தச் சொல்லி இன்றும் மக்கள் மனுவோடு வருவாய் அலுவலகங்களுக்கு நடக்கிறார்கள். பட்டாவில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்பது அதைவிட அவசியம். அப்பா கேட்கத் தவறியது இந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

பத்திரப் பதிவு: ஊருக்குச் சொல்லியாயிற்று, அவ்வளவுதான்

இந்தியா முழுமைக்குமான பதிவுச் சட்டம் 1864-இல் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்றால் பதிவு செய்த பத்திரம் வேண்டும் என்றது. அந்த நூறு ரூபாய் வரம்பு இன்றுவரை மாறவில்லை.

பதிவின் நோக்கம் என்ன? ஒரு நிலத்தை இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பதை எல்லோரும் பார்க்கக்கூடிய புத்தகத்தில் ஏற்றிவைப்பது. அதற்குப் பிறகு "எனக்குத் தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாது. எழுதிக் கொடுத்தவருக்கு அந்த உரிமை உண்டா என்பதைப் பதிவு அலுவலர் தீர்ப்புச் சொல்வதில்லை. 2025 ஏப்ரலில்கூட, தமிழ்நாட்டின் ஒரு பதிவு விதியைச் செல்லாது என்று அறிவித்த உச்ச நீதிமன்றம், விற்பவரின் உரிமையை ஆராய்வது 1908 சட்டப்படி பதிவு அலுவலரின் வேலை அல்ல என்பதைத்தான் காரணமாகச் சொன்னது.

வேறு வழியும் உலகில் இருந்தது. 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த முறையில், அரசின் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அந்தப் பதிவுக்கு அரசே உத்தரவாதம். நம் நாட்டில் அந்த முறை வரவில்லை. இங்கே அரசு பதிவு செய்வது பத்திரத்தை, உரிமையை அல்ல. உரிமையைத் தேடிக் கண்டுபிடிப்பது வாங்குபவர் பொறுப்பு. தாய்ப் பத்திரம், அதற்கு முந்தைய பத்திரம் என்று வழக்கறிஞர் 30 ஆண்டுச் சங்கிலியைக் கேட்பதற்குக் காரணம் இதுதான். சங்கிலியில் எங்கெல்லாம் ஒருவர் இறந்திருக்கிறாரோ, அங்கெல்லாம் நின்று விசாரிக்க வேண்டும்.

வில்லங்கச் சான்று அந்தப் பதிவுப் புத்தகத்தின் சுருக்கம். புத்தகத்தில் ஏறாதது அதில் வராது. பதிவு செய்யாத விற்பனை ஒப்பந்தம் வராது. உயில் வராது. வாரிசுகள் யார் என்று வராது. நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு பெரும்பாலும் வராது. இன்னொன்றும் உண்டு. பத்திரத்தை ஒப்படைத்து அதன்மேல் கடன் வாங்கும் வழக்கத்தை 1882 சட்டம் கல்கத்தா, சென்னை, பம்பாய் போன்ற சில வணிக நகரங்களுக்கு முதலில் அனுமதித்தது. பிறகு மற்ற ஊர்களுக்கும் அது விரிந்தது. வெறும் ஒப்படைப்பாக நடந்த கடன் பதிவுப் புத்தகத்தில் இல்லாமலும் இருக்கலாம். அதனால்தான் நகலைப் பார்த்தால் போதாது, அசல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். "அசல் லாக்கர்ல இருக்கு சார்" என்றால், லாக்கர் திறக்கும் வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கையெழுத்துப் போடாத பெண்கள்

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், ஒருவர் தாமே சம்பாதித்த சொத்தில், உயில் இல்லாமல் இறந்தால், மனைவி, மகன், மகள், அம்மா எல்லோருக்கும் பங்கு கொடுத்தது. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மட்டும் மகளுக்குப் பிறப்புரிமை இல்லாமல் இருந்தது. தமிழ்நாடு 1989-இல் சட்டம் திருத்தி, அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் திருமணமாகாத மகள்களுக்கு அந்த உரிமையைத் தந்தது. 2005-இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அதை விரித்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம், 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று தெளிவுபடுத்தியது.

சட்டம் இத்தனை தூரம் வந்துவிட்டது. வழக்கம் வந்துவிட்டதா? "தங்கச்சிக்கு சீர் எல்லாம் செஞ்சாச்சு, அவ ஒண்ணும் கேக்க மாட்டா" என்ற பேச்சு இன்னும் நிற்கவில்லை. சீர் செய்தது விடுதலைப் பத்திரம் ஆகாது. நீங்கள் குடும்பச் சொத்தை வாங்கினால் வாரிசுச் சான்றைக் கேளுங்கள். அதிலுள்ள ஒவ்வொரு பெயரையும் பத்திரத்தில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகள், தொடர்பில் இல்லாத மகன், இறந்துபோன மகனின் குழந்தைகள் என்று ஒருவர் விட்டுப்போனாலும் அது உங்கள் தலையில்தான் விடியும். பங்குதாரர் மைனராக இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம். அப்போது வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு அடி எடுத்து வைக்காதீர்கள்.

இது பணத்தைப் பற்றிய எச்சரிக்கை மட்டுமல்ல. என் அப்பா ஏமாந்தவர்தான். ஆனால் அந்தத் தங்கைகள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. தங்கள் அப்பா நிலத்தில் தங்களுக்கு உரியதைக் கேட்டார்கள். அதை ஒப்புக்கொள்ள எங்கள் வீட்டில் வெகுகாலம் ஆயிற்று.

பவர் பத்திரம்: விற்பனை அல்ல

உரிமையாளர் நேரில் வராமல், இன்னொருவருக்குப் பொது அதிகாரம் கொடுத்து விற்கச் செய்வது சட்டப்படி சரியானதே. பவரையே விற்பனையாகக் கருதியதுதான் தவறு. முத்திரைக் கட்டணத்தை மிச்சப்படுத்தவும், கணக்கில் வராத பணத்தைச் சுழற்றவும், ஒரு ஒப்பந்தம், ஒரு பவர், ஒரு உயில் என்று மூன்றை எழுதிவிட்டு, "சொத்து உங்களுது" என்று சாவியைக் கொடுக்கும் வழக்கம் டில்லி பக்கத்தில் பெருகியிருந்தது. 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. பதிவு செய்த கிரயப் பத்திரம் ஒன்றே விற்பனை. பவரோ ஒப்பந்தமோ உயிலோ விற்பனை ஆகாது.

பவர் ஏஜெண்டிடம் வாங்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? பவர் ரத்தாகவில்லையா? அதில் விற்கும் அதிகாரமும் பணம் வாங்கும் அதிகாரமும் இருக்கின்றனவா? முடிந்தால் உரிமையாளரை நேரில் பார்த்துவிடுங்கள். ஒரு பஸ் டிக்கெட் செலவுதான்.

மனைப்பிரிவு: வரைபடத்தில் மட்டும் இருந்த சாலைகள்

1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. தி.நகர் போன்ற திட்டமிட்ட பகுதிகள் அதற்குப் பிறகு எழுந்தன. சாலை, பூங்கா, வடிகால் எல்லாம் காகிதத்தில் முடிவான பிறகு மனைகள் விற்பனைக்கு வந்தன. 1961-இல் வீட்டு வசதி வாரியம் அமைந்தது. அது உருவாக்கிய அண்ணா நகரில் இன்று ஒரு கிரவுண்டுக்கு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். 1971-இல் நகர் ஊரமைப்புச் சட்டமும், அதைத் தொடர்ந்து சி.எம்.டி.ஏ.வும் வந்தன. மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் பொறுப்பு திட்டக் குழுமங்களிடம் போனது.

ஆனால் நகரம் சட்டத்தைவிட வேகமாக ஓடியது. வயலை வாங்கி, கல் நட்டு, "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று பலகை மாட்டி விற்பது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. "சென்னைக்கு மிக அருகில்" என்ற விளம்பர வாசகம் செங்கல்பட்டைத் தாண்டித் திண்டிவனம் வரை நீண்டதை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது. பதிவு அலுவலகங்கள் வெறிச்சோடின. மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று மனை வாங்கி வைத்தவர்கள் விற்க வழியின்றி நின்றார்கள். 2017 மே மாதம் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகள் கட்டணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றது. அந்தத் தேதிக்குப் பிறகு அங்கீகாரமில்லாமல் போட்ட மனைகளுக்கு இந்தக் கதவு திறக்கவில்லை.

இதற்கு முன்பும் ஒரு பாடம் இருந்தது. நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் மத்திய அரசால் 1976-இலும், தமிழ்நாட்டில் தனியாக 1978-இலும் வந்தது. வரம்புக்கு மேற்பட்ட நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுக்கப்பட்ட நிலங்கள்கூட, விவரம் அறியாத நடுத்தரக் குடும்பங்களுக்கு விற்கப்பட்டன. 1999-இல் சட்டம் நீக்கப்பட்டது. ஆனாலும் அதற்குமுன் அரசு வசம் போன நிலத்தின் சிக்கல் போகவில்லை. அறியாமல் வாங்கியவர்களுக்காகப் பின்னர் தனியாக அரசாணைகள் போட வேண்டியிருந்தது. சட்டம் செத்த பிறகும் அதன் நிழல் நிலத்தின் மேல் கிடக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அங்கீகாரம் இருந்தாலும் நிலத்தைப் போய்ப் பாருங்கள். கிராம வரைபடம், புல வரைபடம், அ-பதிவேடு மூன்றையும் பார்த்தால் அது ஏரியா, ஓடைப் புறம்போக்கா, வண்டிப்பாதையா என்று தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் நிறைய இடங்களில் பழைய வரைபடத்தைப் பார்த்துத்தான் ஓடியது. மழைக்காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை போய்ப் பார்க்காமல் மனை வாங்காதீர்கள்.

அடுக்குமாடி: நீங்கள் வாங்கியது எதை?

நாம் குடியிருப்பதும் இதுதான் என்பதால் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். சென்னையில் ஃபிளாட் வாங்குவது என்றால் நெடுங்காலமாக இரண்டு காகிதங்கள். நிலத்தின் பிரிபடாத பங்கை, அதாவது யூ.டி.எஸ்.ஸை, பதிவு செய்வது ஒன்று. பில்டருடன் போடும் கட்டுமான ஒப்பந்தம் மற்றொன்று. பத்திரத்தில் நம் பெயருக்கு வந்தது நிலத்தின் ஒரு துண்டுப் பங்குதான். 2023 டிசம்பர் முதல் புதிய ஃபிளாட்களுக்கு நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்துக் கூட்டு மதிப்பில் பதிவு செய்யும் முறை வந்திருக்கிறது.

கட்டடம் வயதாகும், நிலம் ஆகாது. 30 ஆண்டு கழித்து இடித்துக் கட்டும் பேச்சு வரும்போது உங்கள் கையில் இருப்பது யூ.டி.எஸ். மட்டுமே. 1994-ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022-இல் இயற்றி 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்கிறது. எனவே பழைய ஃபிளாட்டை முதலீடாக வாங்கும்போது, டைல்ஸைவிட யூ.டி.எஸ். எத்தனை சதுர அடி என்பதைப் பாருங்கள். எல்லா ஃபிளாட்களின் யூ.டி.எஸ்.ஸையும் கூட்டினால் மொத்த நிலப்பரப்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் யாரோ இல்லாத நிலத்தை வாங்கியிருக்கிறார்கள்.

2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அங்கே வேலை செய்த கட்டுமானத் தொழிலாளர்கள். அது திட்ட அனுமதி பெற்ற கட்டடம். பக்கத்தில் நின்ற மற்றொரு கட்டடத்தையும் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கடன் வாங்கி முன்பதிவு செய்தவர்கள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். திட்ட அனுமதி என்பது "இங்கே இவ்வளவு உயரம் கட்டலாமா?" என்பதற்குப் பதில். "இந்த மண் இந்தப் பாரத்தைத் தாங்குமா?" என்பது வேறு கேள்வி. மண் பரிசோதனை, கட்டமைப்புப் பொறியாளரின் சான்று இரண்டையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம், தமிழ்நாட்டில் 2017 முதல், பல ஓட்டைகளை அடைத்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட திட்டங்களைப் பதிவு செய்யாமல் விற்கக் கூடாது. வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் பதிவாகும் முன் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. சாவி கொடுத்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பில் குறை வந்தால் பில்டர் சரிசெய்து தர வேண்டும். எல்லாம் நல்லதே. ஆனால் ரெரா எண்ணும் உரிமைச் சான்று அல்ல.

"ஏறிக்கிட்டேதானே இருக்கு?"

கடைசியாக, எல்லோரும் கேட்கும் கேள்வி. நிலத்தின் விலை ஏறிக்கொண்டேதானே இருக்கிறது?

30 ஆண்டில் 100 மடங்கு ஆன மனையைப் பற்றி நாம் எல்லோரும் கேள்விப்படுகிறோம். அது ஆண்டுக்குச் சுமார் 16.6 சதவீதக் கூட்டு வளர்ச்சி. 20 ஆண்டில் 10 மடங்கு என்றால் சுமார் 12 சதவீதம். 10 ஆண்டில் இரு மடங்கு என்றால் 7 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், வைப்புநிதிக்குப் பக்கத்தில். மடங்கு கணக்கு காதுக்கு இனிக்கும். ஆண்டுக் கணக்குத்தான் உண்மை சொல்லும். விலை ஏறாத மனைகளின் கதையை யாரும் கல்யாண வீட்டில் சொல்வதில்லை.

80 லட்ச ரூபாய் ஃபிளாட்டுக்கு மாத வாடகை 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 2,40,000, அதாவது 3 சதவீதம். பராமரிப்பு, சொத்து வரி, வெள்ளை அடிப்பு, ஆள் இல்லாத மாதங்கள் இதிலிருந்து போக வேண்டும். 60 லட்சம் கடன் வாங்கியிருந்தால், 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 52,000. வாடகை போக 32,000 ரூபாய் மாதாமாதம் உங்கள் சம்பளத்திலிருந்து போகும். "வாடகையே இ.எம்.ஐ. கட்டிடும்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மனை என்றால் முத்திரையும் பதிவுமாக 9 சதவீதம் முதல் நாளே செலவு. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீத வரியைப் பிடித்துக் கட்டுவது 2013 முதல் வாங்குபவர் பொறுப்பு. வாடகைக்கு விட்டால், 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தமும் அதன் பதிவும் வேண்டும்.

நிலத்தை அவசரத்துக்கு விற்க முடியாது என்பதையும் மறக்காதீர்கள். மருத்துவச் செலவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வேண்டிய பணத்தை மண்ணில் புதைக்காதீர்கள்.

சுருக்கமாக

- பட்டா: வருவாய்ப் பதிவேட்டில் யார் பெயர்?
- வில்லங்கச் சான்று: பதிவுப் புத்தகத்தில் என்னென்ன ஏறியிருக்கிறது?
- தாய்ப் பத்திரச் சங்கிலி: உரிமை எப்படிக் கைமாறி வந்தது?
- வாரிசுச் சான்று: இன்னும் யார் கையெழுத்துப் போட வேண்டும்?
- மனைப்பிரிவு, திட்ட அனுமதி: இங்கே கட்டலாமா?
- ரெரா பதிவு: பணம் எங்கே போகிறது, எப்போது கட்டி முடிப்பார்கள்?
- நேரில் பார்ப்பது: காகிதத்தில் உள்ள நிலம் தரையில் இருக்கிறதா?

ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. விற்பவரின் வழக்கறிஞர் அல்லாமல், நீங்களே அமர்த்திய வழக்கறிஞரிடம் எல்லாவற்றையும் கொடுத்து எழுத்தில் கருத்து வாங்குங்கள். வங்கி கடன் கொடுக்கிறது என்பதை அதற்கு ஈடாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வங்கி பார்ப்பது தன் கடனுக்குப் பாதுகாப்பு உண்டா என்பதை. நான் அந்த நாற்காலியில் இருந்தவன், சொல்கிறேன்.

பி பிளாக் தம்பியிடம் வாரிசுச் சான்றையும் அசல் தாய்ப் பத்திரத்தையும் கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறார். "அதெல்லாம் லேட்டாகும் சார், வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்று புரோக்கர் சொன்னாராம். அந்தப் பேச்சைத்தான் 1987-இல் அப்பாவும் கேட்டார், மறுநாளே அட்வான்ஸ் கொடுத்தார். தம்பி இன்னும் கொடுக்கவில்லை. இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். வேறு பார்ட்டிக்குப் போனால் போகட்டும். மனை வேறு கிடைக்கும்.

உங்களில் யாருக்காவது இடம் வாங்கும் எண்ணம் இருந்தால், ஞாயிறு காலை சங்க அலுவலகத்தில் இருப்பேன். பேப்பர்களைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து படிக்கலாம். வழக்கறிஞர் சொல்ல வேண்டியதை நான் சொல்ல மாட்டேன். எந்தக் காகிதம் எந்தக் கேள்விக்குப் பதில், எந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்று மட்டும் காட்டித் தருகிறேன்.